ஊரின் மகன் என்கிற விஜ்தான்

எங்கள் ஊர் ஐன் தல்ஹாவில் விஜ்தான் என்று ஒருத்தி இருப்பது பாதிப் பேருக்குத் தெரியாது. உம் லைத் வீடு எது என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிப் போகும். உம் லைத் என்றால் லைத்தின் அம்மா. மூத்த மகன் பிறந்த அன்றே ஒரு பெண்ணின் சொந்தப் பெயர் அடையாள அட்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆண்களுக்கும் இப்படி ஒரு பெயர் உண்டு. அவள் புருஷன் ஃபவ்வாஸை அபூ லைத் என்பார்கள். ஆனால் ஃபவ்வாஸ் என்று நாலு பேர் நடுவில் கத்திக் கூப்பிட்டாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது. விஜ்தான் என்று ஆண்கள் கூடத்தில் ஒருவர் சொல்லிவிட்டால் அவள் அண்ணன் தம்பிகள் ஒரு வாரம் வெளியே தலைகாட்ட மாட்டார்கள். எனக்கு நாற்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை, மகனும் இல்லை. அதனால் ஊருக்கு நான் இன்னமும் மிஸ் ஹியாம்தான். "இந்த ஊர்ல பேர் மிச்சமிருக்கிற ஒரே பொம்பளை நீதான்டி" என்று விஜ்தான் என்னைக் கிண்டல் செய்வாள்.

பெண்கள் பள்ளியில் அவள் அரபு ஆசிரியை, நான் புவியியல். இருபத்திரண்டு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. குள்ளமாக இருப்பாள், வேகமாக நடப்பாள், கோபம் வந்தால் கத்தாமல் சாக்பீஸை ஒடிப்பாள். வகுப்பு முடிந்து பார்த்தால் மேஜைமேல் எத்தனை துண்டு கிடக்கிறது என்பதை வைத்து அன்றைய நிலவரத்தைச் சொல்லிவிடலாம்.

இதை எதற்கு எழுதி வைக்கிறேன் என்றால், நாளைக்கு அவளை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். என்ன நடக்கும் என்று தெரியவில்லை. பிற்பாடு யாராவது "அதெல்லாம் அவ புருஷன் எழுதிக் கொடுத்தது" என்று சொல்லக்கூடும். சொல்லத்தான் போகிறார்கள். அதற்குள் நடந்ததை நடந்தபடி ஒருத்தியாவது சொல்லி வைக்க வேண்டும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் விஜ்தான் ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் தொடங்கினாள். பெயர் 'ஊரின் மகள்'. பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் இல்லை என்பதுதான் முதல் பதிவு. ஒரு படம், ஆறு வரி. பதினோரு பேர் விருப்பம் போட்டார்கள். "மகளே, பாத்திரம் கழுவியாச்சா?" என்று ஒருவன் கேட்டிருந்தான். "குரல் எப்படி இருக்கும், ஒரு தடவை போன் பண்ணு" என்றான் இன்னொருவன். தனியாக வந்த செய்திகளை எனக்குக் காட்டக்கூட மறுத்துவிட்டாள். ஒன்பதாவது நாள் பக்கத்தை மூடினாள்.

ஒரு மாதம் கழித்து அதே படத்தை, அதே ஆறு வரியோடு, 'ஊரின் மகன்' என்ற பெயரில் போட்டாள். இரண்டு நாளில் அறுநூறு பேர் பகிர்ந்தார்கள். "சிங்கம்டா நீ" என்றான் பாத்திரம் கழுவச் சொன்ன அதே ஆள். பட்டாளத்தில் இருந்தவனாகத்தான் இருப்பான், எழுத்தில் அந்த மிடுக்கு தெரிகிறது என்று முடிதிருத்தும் கடையில் பேசிக்கொண்டார்கள். எங்கள் தலைமையாசிரியை ஆசிரியர் அறையில் போனை வைத்துக்கொண்டு உரக்கப் படித்துவிட்டு, "ஆம்பளை எழுதினா எழுத்துக்கு ஒரு முதுகெலும்பு இருக்கு, பாருங்க" என்றார்.

நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த விஜ்தான் தலையைத் தூக்காமல், "ஆமா மேடம், முதுகுவலியும் இருக்கும்" என்றாள். எனக்குத் தேநீர் புரையேறிவிட்டது. அப்போது விஷயம் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

எங்கள் ஊருக்குத் தண்ணீர் வாரத்தில் ஒரு நாள், செவ்வாய்க்கிழமை வரும். மதியம் குழாயில் முதலில் காற்று சீறும். அந்தச் சத்தம் கேட்டதும் பெண்கள் எல்லாரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். கீழ்த்தொட்டி, மாடித்தொட்டி, சலவை இயந்திரம், வாளிகள். எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு நின்றது என்பது ஒவ்வொரு பெண்ணுக்கும் தன் வயதைப் போலத் தெரியும். ஆண்கள் குழாயைத் திருகுவார்கள், வரும், குளிப்பார்கள். ஃபவ்வாஸுக்குக் கீழ்த்தொட்டி வால்வு எது, மாடித்தொட்டி வால்வு எது என்று இருபது வருஷமாகத் தெரியாது.

இந்த நேரக் கணக்கு ஒரு வாட்ஸாப் குழுவில் சேர்ந்துகொண்டிருந்தது. கத்தரிக்காய் ஊறுகாய்க் குழு என்று பெயர். அறுபத்து நாலு பெண்கள். புருஷன்மார் யாராவது போனை எடுத்துப் பார்த்தாலும் வாதுமை, பூண்டு, எண்ணெய் என்று பார்த்துவிட்டுக் கொட்டாவியோடு வைத்துவிடுவார்கள். ஊறுகாய்க்கு நடுவில்தான் எங்கள் செய்தி. ஊர்ப் பெரியவர் ஷேக் அபூ ஃபஹத்தின் மனைவி உம் ஃபஹத்துக்கு எழுத வராது, பேசித்தான் அனுப்புவாள். "இன்னைக்கு மூணு மணி நேரம், மகளே. மூணு மணி நேரத்துல நான் என்னத்தத் துவைக்க? ஷேக்கோட அங்கியை மட்டும் துவைச்சுட்டு, நான் அப்படியே நிக்கறேன்."

போன கோடையில் பதினோரு மணி நேரம் வந்த தண்ணீர் இந்த வசந்தத்தில் மூன்று மணி நேரமாகச் சுருங்கியிருந்தது. விஜ்தான் தெருத் தெருவாகக் குறித்து வைத்தாள். ஒரு நாள் ஃபவ்வாஸ் ஓட்டும் மினி பஸ்ஸில் முன் இருக்கையில் உட்கார்ந்து கரக் நகரத்துக்குப் போகும்போது, ஊர்த் தொட்டிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு புதுக் குழாய் பிரிந்து மித்கால் பாஷாவின் தோட்டத்துக்குள் போவதைப் பார்த்தாள். ஊரெல்லாம் காய்ந்து கிடக்க, அங்கே தக்காளி இடுப்பளவு நின்றது. போனை எடுத்து ஒரு படம் பிடித்தாள்.

மித்கால் பாஷா ஓய்வுபெற்ற பெரிய படை அதிகாரி. நகராட்சித் தலைவர் தேர்தலில் நிற்கிறார். ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் மீசைதான். பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தில் நிற்கும் அவருடைய ஆள் ஒருத்தியின் பேனரில், அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ரோஜாப்பூ. தேர்தலுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது 'ஊரின் மகன்' அந்தப் படத்தைப் போட்டான். கீழே பதினாறு வாரத்து நேரக் கணக்கு. மேலே ஒரே ஒரு வரி: 'நம் செவ்வாய்க்கிழமை இங்கே போகிறது.'

நாலாயிரம் பேர் பகிர்ந்தார்கள். தலைநகர் அம்மானில் வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பையன்கள், வளைகுடாவில் இருப்பவர்கள், எல்லாரும். பாஷாவின் ஆட்கள் இது அந்நியச் சதி என்றார்கள். எதிர் வேட்பாளர்கள் அந்தப் படத்தை அச்சடித்துச் சுவரில் ஒட்டினார்கள். அடுத்த செவ்வாய் தண்ணீர் எட்டு மணி நேரம் வந்தது. யாரோ பயந்துபோய் எதையோ மூடியிருக்கிறார்கள். உம் ஃபஹத் குழுவில் சிரித்தே ஒரு நிமிஷம் அனுப்பினாள்.

படத்தைப் போட்ட அன்றே, மூன்றாவது தடவை பார்க்கும்போது நான்தான் கவனித்தேன். இடது மூலையில், மங்கலாக, சிவப்புக் குஞ்சமும் ஒரு நீல மணியும். அகபாவிலிருந்து ஃபவ்வாஸ் ஆசையாக வாங்கி வந்து பஸ் முன்கண்ணாடியில் கட்டிய குஞ்சம். ஊரில் வேறு யார் வண்டியிலும் கிடையாது.

"எடுத்துடுடி" என்றேன்.

"போட்டு ஒரு மணி நேரம் ஆச்சு. எடுத்துட்டு மறுபடி போட்டா இன்னும் உத்துப் பாப்பாங்க."

சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஊரின் மகன் ஃபவ்வாஸ். நாலு பேர் சேர்ந்து வண்டியின் முன்னால் நின்று, படத்தையும் குஞ்சத்தையும் மாறி மாறிப் பார்த்து முடிவு கட்டிவிட்டார்கள். முன் இருக்கையில் அன்று யார் உட்கார்ந்து போனார்கள் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

ஃபவ்வாஸ் நல்ல மனுஷன். தவறு என்றால் ஒன்றே ஒன்று, ஊர் தன்னைப் பெரிய ஆளாக நினைக்கவில்லையே என்று ஒரு குறை அவருக்கு எப்போதும் உண்டு. முதல் இரண்டு தடவை நான் இல்லை என்று சத்தியம் செய்தார். மூன்றாவது தடவை முடிதிருத்தும் கடையில் எழுந்து இடம் கொடுத்தார்கள். மறுக்காமல் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது. அதற்குப் பிறகு சாப்பிடும்போது ஊரின் மகன் பக்கத்தை மனைவிக்குப் படித்துக் காட்டி விளக்கம் சொல்லத் தொடங்கினாராம். "இதுக்குள்ள ஒரு அரசியல் இருக்கு, உனக்குப் புரியாது" என்றாராம். அவள் அவருக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாளாம்.

சிரிப்பு அத்தோடு நின்றது. அவள் தெருமுனையில் தெரியாத கார் ஒன்று வந்து நிற்கத் தொடங்கியது. ஊரின் மகன் பக்கத்துக்கு மிரட்டல்கள் வந்தன. முதலில், பஸ் கண்ணாடி உடையும் என்றார்கள். பிறகு ஒரு நாள் ஆசிரியர் அறையில் போனை என் பக்கம் நகர்த்தினாள். 'உன் பெண்டாட்டி எந்தப் பள்ளிக்கூடத்துல வேலை செய்றா, எந்த வழியா நடந்து போறான்னு எங்களுக்குத் தெரியும்.'

"என்னை வச்சே என்னை மிரட்டறாங்கடி" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. அன்றிலிருந்து நான் அவளோடு வீடு வரைக்கும் நடந்தேன். எனக்கும் பயம்தான். பயந்தவர்கள் இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் பயம் பாதியாகும் என்று நினைத்தேன், இரட்டிப்பானது.

பிறகு பாஷா வக்கீலை வைத்துப் புகார் எழுதினார். இணையத்தில் அவதூறு என்று புதுச் சட்டம் இருக்கிறது. சிறை, அதோடு பஸ்ஸை விற்றாலும் கட்ட முடியாத அபராதம். ஃபவ்வாஸ் பெயரில் தாள் தயார், திங்கட்கிழமை கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்கு முன்னால் ஊர் வழக்கப்படி வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து பெரியவர்கள் ஜாஹா, அதாவது சமாதானம் பேச, வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

ஜாஹா வருகிறது என்றால் எங்களில் யாருக்கும் கை கால் ஓடாது. இருபது பெரிய மனிதர்கள் அங்கியும் தலைத்துணியுமாக வந்து உட்காருவார்கள். வீட்டுக்காரர் காபி ஊற்றுவார். தலைவர் கோப்பையை வாங்கி, குடிக்காமல் தரையில் வைப்பார். வந்த காரியத்தைச் சொல்வார். வீட்டுக்காரர், "குடிங்க, கேட்டது கிடைச்சாச்சு" என்றால்தான் அந்தக் கோப்பை வாய்க்குப் போகும். அவர் வார்த்தை அப்போதே அவரைக் கட்டிவிடும். குடிக்காமல் எழுந்துவிட்டால் அந்த வீட்டோடு ஊருக்குப் பேச்சில்லை.

வெள்ளிக்கிழமை நான் அவள் சமையலறையில் இருந்தேன். ஏலக்காய் இடித்தேன், அதில் பாதி கீழே போனது. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு திரைதான். கூடத்தில் ஷேக் அபூ ஃபஹத்தின் இருமல் கேட்டது. ஃபவ்வாஸ் காபி கூஜாவை வாங்க உள்ளே வந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"குடிங்கன்னு சொல்லிடப் போறேன்" என்றார் மெதுவாக. "இப்ப போய் நான் இல்லைன்னா கோழைன்னுவாங்க. வாக்குக் கொடுத்துட்டு, அப்புறம் அந்த ஆள் யாருன்னு தேடிப் பிடிச்சுக் கால்ல விழறேன். எனக்காக அழிச்சிடுவான்."

விஜ்தான் அடுப்பை அணைத்தாள். "தேட வேண்டாம், அபூ லைத். விழறதுன்னா இங்கயே விழுங்க."

போனைத் திறந்து காட்டினாள். அவர் பார்த்தார். விரலால் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிறகு காஸ் சிலிண்டர் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நாலு வருஷமாவா?"

"நாலு வருஷமா."

"நான் உனக்கு அரசியல் சொல்லிக் கொடுத்தேனே..."

"நல்லாத்தான் சொன்னீங்க."

கோபம் வரும் என்று நான் சுவரோடு ஒட்டி நின்றேன். வரவில்லை. அவர் முகத்தில் இருந்தது வேறு. "அழிச்சிடு" என்றார்.

"அழிச்சா வர்ற செவ்வாயே தண்ணி அந்தத் தோட்டத்துக்குப் போயிடும். எட்டு மணி நேரம் வர ஆரம்பிச்சிருக்கு. அழிக்க மாட்டேன்."

"அப்ப நானே எழுதினேன்னு ஒத்துக்கறேன். ஜெயிலுக்குப் போனாலும் போறேன். கூடத்துல உன் பேச்சு வரக் கூடாது."

"ஒத்துக்கிட்டா, அழிக்கறேன்னு வாக்குக் கேப்பாங்க. கொடுத்த வாக்கை உங்களால காப்பாத்த முடியாது, ஏன்னா அழிக்க வேண்டியவ நான்."

கூடத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஃபவ்வாஸ் கூஜாவைத் தூக்கினார். திரையைத் தள்ளிவிட்டுப் போனார்.

கோப்பை தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. சின்னச் சத்தம்தான். ஷேக் அபூ ஃபஹத் பேசினார். "அபூ லைத், நீ நம்ம பிள்ளை. பாஷாவும் நம்ம ஆள். எழுதினதை எடுத்துடு, தெரியாம செஞ்சேன்னு நாலு வரி போடு. திங்கட்கிழமை யாரும் எங்கயும் போக வேண்டாம். நீ சொன்னா இந்தக் காபியைக் குடிக்கறோம்."

விஜ்தான் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அந்தத் தடம் இரண்டு நாள் இருந்தது.

"ஷேக்," என்றார் ஃபவ்வாஸ், "நான் சொல்லித் தீர்க்கற விஷயமில்லை இது. எழுதினது நானில்லை. எழுதினது லைத்தோட அம்மா."

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு யாரும் சிரிக்கவில்லை. பாஷாவின் மைத்துனர் குரல் கேட்டது. "பொண்டாட்டி முந்தானைக்குப் பின்னால ஒளியறவனை இன்னைக்குத்தான் பாக்கறேன்."

"சத்தியமாச் சொல்றேன்..."

"சத்தியம் பண்ணாதே" என்றார் ஷேக். அவர் குரலில் வருத்தம்தான் அதிகம் இருந்தது. "பதினாறு வாரக் கணக்கு, குழாய், தேர்தல். பொம்பளை எழுதற எழுத்தா அது? ஜெயிலுக்குப் பயம்னா பயம்னு சொல்லியிருக்கலாம், மகனே. வீட்டுப் பொம்பளையை இழுத்திருக்க வேண்டாம்."

எழுந்திருக்கிற சலசலப்பு கேட்டது.

"போடுடி" என்றேன் நான். அவள் போன் முழுக்க உம் ஃபஹத்தின் குரல் இருந்தது. அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் மனைவிகள், மருமகள்கள், தங்கைகள், எல்லாரும் நாள், கிழமை, மணி சொல்லிப் பேசிய குரல்கள். ஒரே ஒரு தடவை விரலால் தொட்டால் போதும், நம்பித்தான் ஆக வேண்டும். "போடு, கேக்கட்டும். உன் புருஷன் அங்க பொய்யனா நிக்கறாரு."

அவள் போனைப் பார்த்தாள். திரைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு மாவு டப்பாவைத் திறந்து போனை உள்ளே அழுத்திப் புதைத்து மூடினாள். "அந்தக் குரல் ஒண்ணு வெளிய வந்தா, அறுபத்து நாலு வீட்டுல போனைப் பிடுங்குவாங்க. அதோட நிக்காது" என்றாள். கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, துடைக்கவில்லை.

அவர்கள் போனபிறகு நாங்கள் கூடத்துக்குள் போனோம். ஃபவ்வாஸ் அப்படியே உட்கார்ந்திருந்தார். நடுவில் அந்தக் கோப்பை, குடிக்காத காபியோடு. அவர் வாழ்க்கையில் செய்த மிகத் துணிச்சலான காரியம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். அதைச் செய்ததற்குத்தான் கோழை என்று பெயர் கிடைத்தது.

சனிக்கிழமை காலை பஸ் கதவில் யாரோ ஒரு சமையல் ஏப்ரனைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பஸ்ஸில் ஏற ஆளில்லை. விஜ்தான் அன்று ஊரின் மகன் பக்கத்தில் தன் முழுப் பெயரைப் போட்டு, எழுதுவது நான்தான் என்று பதிவிட்டாள். நானூறு பேர் பதில் எழுதினார்கள். 'புருஷனைக் காப்பாத்தப் பழியை ஏத்துக்கிட்ட உத்தமி', 'இப்படி ஒரு மனைவி அந்தக் கோழைக்கா'. ஒருவன்கூட நம்பவில்லை. பாராட்டு மட்டும் குவிந்தது. திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

எங்களுக்கு வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை பள்ளி முடிந்து அவளோடு வீட்டுக்குப் போனேன். வாசலில் ஷேக் அபூ ஃபஹத் நின்றிருந்தார். தனியாக. ஃபவ்வாஸ் எழுந்து நின்றார், என்ன செய்வதென்று தெரியாமல் செருப்பைத் தேடினார்.

ஷேக் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி பேசினார். "காலையில எனக்குக் காபி வந்தது. லைத்தோட அம்மாவைப் பத்தி ஏதோ சொன்னேன். எங்க வீட்டு அம்மா தன்னோட கோப்பையைக் கீழ வச்சா. நாற்பத்தொரு வருஷத்துல முதல் தடவை. நான் ஒரு விஷயம் சொல்லணும், நீங்க ஒத்துக்கிட்டாதான் குடிப்பேன்னா. அப்புறம் சொன்னா. எந்த எந்தச் செவ்வாய், எத்தனை மணி நேரம், தானே தன் வாயால யாருக்குச் சொன்னோம்னு." கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். "என் அங்கியை மட்டும் துவைச்சுட்டு அவ அழுக்குத் துணியோட நின்னாளாம். எனக்குத் தெரியாது."

"ஷேக், காபி..." என்றார் ஃபவ்வாஸ்.

"கொண்டு வா. நான் எதையும் கேட்க வரலை."

விஜ்தான்தான் ஊற்றினாள். ஷேக் வாங்கினார், ஒரே மடக்கில் குடித்தார், போதும் என்று கோப்பையை ஆட்டித் திருப்பிக் கொடுத்தார். எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை.

"இன்னொண்ணு சொல்லணும். செய்யாத காரியத்துக்கு ஒருத்தனைக் கோழைன்னு நான் சொன்னேன். அதைச் சரி பண்ணாம இருக்க முடியாது. இங்க வர்றதுக்கு முன்னால பாஷா வீட்டுக்குப் போய், எழுதினது யாருன்னு சொல்லிட்டேன். மத்த பெண்கள் பேச்சை எடுக்கலை, எடுக்கவும் மாட்டேன். புகாரை விட்டுடுன்னு கேட்டேன். விட மாட்டேங்கறான்." அவர் இப்போதுதான் விஜ்தானை நேராகப் பார்த்தார். "தாள்ல பேரை மட்டும் மாத்தறாங்க, மகளே."

நாலு வருஷம் ஒருவரும் சந்தேகப்படவில்லை, அவளே சொன்னபோதும் நம்பவில்லை. நம்பிய அன்றே வழக்கு அவள் தலையில் வந்து விழுந்தது. எனக்கு அந்தக் கிழவரைத் திட்டுவதா, கையைப் பிடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. விஜ்தான், "பரவாயில்லை ஷேக், சரியாத்தான் சொன்னீங்க" என்றாள். கூஜாவைக் கீழே வைக்கும்போது தட்டில் மூன்று தடவை இடித்தாள்.

வியாழக்கிழமை போலீஸ்காரர் ஒருவர் தெருவுக்கு வந்தார். சின்னப் பையன் மாதிரி இருந்தார். மளிகைக் கடை வாசலில் ஆறேழு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் தாளைப் பார்த்து, "விஜ்தான் ஹம்தான் மூசா... யார் வீடு?" என்று கேட்டார். கடைக்காரர் அப்படி ஒருத்தரும் இந்தத் தெருவில் இல்லை என்றார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள், நடுத்தெருவில் ஒரு பெண்ணின் பெயர் சொல்லப்பட்டதே என்று.

பஸ்ஸைத் துடைத்துக்கொண்டிருந்த ஃபவ்வாஸ் நிமிர்ந்தார். "என் மனைவி" என்றார். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னார். "விஜ்தான். என் மனைவி. கூப்பிடறேன், இருங்க."

அவள் வந்து கையெழுத்துப் போட்டாள். தாளை வாங்கிப் படித்தாள். "செவ்வாய்க்கிழமை காலை பத்து மணின்னு போட்டிருக்கு."

"ஆமாக்கா."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"தெரியாதுக்கா. சில பேர் சாயங்காலம் வந்துடறாங்க." மீதியை அவர் சொல்லவில்லை.

"செவ்வாய் தண்ணி வர்ற நாள். வேற நாள் போட முடியுமா?"

போலீஸ்காரர் சிரித்துவிட்டு, அவள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "மாத்த முடியாதுக்கா."

ஃபவ்வாஸ் பக்கத்தில் வந்து நின்றார். கடை வாசலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "நீ போயிட்டு வா. தண்ணியை நான் பிடிக்கறேன்" என்றார்.

இன்றைக்குத் திங்கள். ஊறுகாய்க் குழுவில் காலையிலிருந்து யாரும் ஊறுகாய் பற்றிப் பேசவில்லை. அவள் பள்ளிக்கு வந்தாள், ஐந்து வகுப்பும் எடுத்தாள். மேஜைமேல் ஒரு துண்டு சாக்பீஸ்கூட ஒடிந்து கிடக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நாளைக்கு அவளோடு நானும் போகிறேன், உள்ளே விட மாட்டார்கள், வாசலில் நிற்பேன்.

சற்று முன் ஃபவ்வாஸ் என் வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே வரவில்லை. கையில் ஒரு துண்டுத்தாளும் பேனாவும். தெருவை ஒரு தடவை பார்த்துக்கொண்டு தாழ்ந்த குரலில் கேட்டார்.

"மிஸ் ஹியாம், அவகிட்டக் கேக்க மனசு வரலை. காத்துச் சத்தம் வந்ததும் எந்த வால்வை முதல்ல திறக்கணும்?"